‘அவுக’ என்ற பெயர் தெரியவில்லை

நேற்றுக் காலை, உங்களைத் தெரியாது என்று திரையில் வந்தது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. உங்கள் நாற்காலி, உங்கள் லேப்டாப், நீங்கள் டீயைக் கொட்டிய நாளிலிருந்து ஒட்டிக்கொண்டே எழும்பும் அந்த ஸ்பேஸ் பட்டன். ‘அவுக’ என்ற பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, அப்படி ஒரு பெயரே தெரியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே அதே வரி. மறுபடியும் அதே. இணைப்பு கிடைக்காவிட்டால் விடாமல் முயற்சி செய்யும்படி நான்தான் எழுதி வைத்திருந்தேன். அது பாட்டுக்கு முயன்றுகொண்டே இருந்தது, அது பாட்டுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் ஆறிக் கிடந்த டீயை எடுத்துக் குடித்தேன்.

கடிதம் என்றால் அன்புள்ள என்று எழுதிப் பக்கத்தில் பெயரைப் போட வேண்டும். அது என்னால் ஆகாது என்று உங்களுக்கே தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் தெருவில் பெண்கள் அநேகமாக யாரும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அதற்கு அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ‘ரியாஸ் அத்தா’ என்பார். பிள்ளை பெயரோடு அத்தாவைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. மாமிக்கு மகன் நீங்கள் இருந்தீர்கள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், “எம் மவன்ட்ட கேளுங்க தம்பி” என்று உங்களைக் கை காட்டுவார். உங்கள் அத்தா பெயரை நீங்கள் சொல்வீர்கள். நமக்குப் பிள்ளை இல்லை. ‘அவுக’ என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வாய்க்கவில்லை. அவுக சாப்பிட்டாக, அவுக ஒட்டன்சத்திரம் போயிருக்காக, அவுக வந்ததும் சொல்றேன்.

“எம்.சி.ஏ. படிச்சிருக்க. காலேஜ்ல பாடம் எடுத்திருக்க. புருஷன் பேரச் சொன்னா நாக்கு அழுகிரும்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?” என்று கேட்பீர்கள்.

“எதுலயும் போடல. வாய் வரல, விடுங்க.”

“ஒரே ஒரு தடவ சொல்லு புள்ள. பிரியாணி வாங்கித் தாரேன்.”

“சொல்லாட்டியும் வாங்கித் தருவீக. போங்க.”

வாங்கித் தந்தீர்கள்.

போனிலும் இதே கூத்துதான். என் நம்பர் உங்களுக்குத் தெரியும், என் குரல் தெரியும், ஆனாலும் வேண்டுமென்றே “யாரு பேசுறது?” என்பீர்கள். “நாந்தான்” என்பேன். “நாந்தான்னா யாரு? திண்டுக்கல்ல பாதிப் பேரு நாந்தான்.” “ஐயோ, நாந்தாங்க!” “ஓ, நாந்தானா? சொல்லு நாந்தான்.” பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, அத்தனை சத்தத்தில், இதற்கெல்லாம் உங்களுக்கு எப்படித்தான் நேரம் இருந்ததோ.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிகளுக்கு நாம் மென்பொருள் செய்து கொடுக்க ஆரம்பித்தபோது எல்லாம் மண்டியிலேயே ஒரு கம்ப்யூட்டரில் கிடந்தது. யார் கொண்டுவந்த மூட்டை, என்ன எடை, ஏலத்தில் என்ன விலை, எந்த லாரியில் எந்த ஊருக்கு என்று எல்லாம் அதற்குள். வெங்காயச் சருகும் தூசியும் உள்ளே போய் அது அடிக்கடி மண்டையைப் போட்டது. பிறகுதான் வெளியே ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து, எல்லாவற்றையும் கன்டெய்னர்களாகப் பிரித்தீர்கள். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரு பெட்டிக்குள் கட்டிவிடுவது. எந்தக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் இறக்கினாலும் அப்படியே ஓடும். விற்ற மூட்டைக்குச் சீட்டுப் போடுவது, கணக்குக் காட்டுவது என்று நான் எழுதிய பகுதி ஒரு பெட்டி. விவரமெல்லாம் கிடக்கும் டேட்டாபேஸ் இன்னொரு பெட்டி, அது உங்கள் பொறுப்பு. என் பெட்டிக்குச் சொந்தமாக எதுவும் ஞாபகம் இருக்காது. எதற்கும் உங்கள் பெட்டியைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

இதைப் பெரிய மண்டிக்காரரிடம் விளக்கப் போனீர்கள். தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டாரே ஒரு கேள்வி: “ஏனுங்க பாய், நம்ம கணக்கையெல்லாம் கன்டெய்னர்ல ஏத்திட்டேங்கறீங்க. சரிங்க. வண்டி இப்ப எங்கங்க நிக்குது? வாளையாறு செக்போஸ்ட் தாண்டிருச்சுங்களா?” நீங்கள் அங்கே சிரிக்கவில்லை. பஸ் ஏறிய பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் திண்டுக்கல் வரும்வரை நிறுத்தவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு பெட்டி இன்னொன்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும் என்றீர்கள். “டேட்டாபேஸுக்கு டி.பி.ன்னு வைங்க, எல்லாரும் அப்பிடித்தான் வைக்கிறாக” என்றேன். நீங்கள் கேட்டால்தானே. ‘அவுக’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தீர்கள். என் பெட்டிக்கு ‘நாந்தான்’.

“என்னங்க இது, அசிங்கமா! யாராச்சும் பாத்தா?”

“யாரு பாக்கப் போறா? நாந்தான் கூப்பிடுது, அவுக பதில் சொல்றாக. வீட்டுல நடக்குறதுதான? நீ சொல்லாத பேர அது சொல்லிட்டுப் போகுது.”

இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவாக ஒரு நெட்வொர்க் வேண்டும் என்று அதற்கு ‘தெரு’ என்று வைத்தீர்கள். ஒரே தெருவில் குடிவைத்தால்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும் என்று ஒரு விளக்கம் வேறு. எனக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ முறை, “கனெக்ட் ஆகலைங்க!” என்று நான் இந்த அறையிலிருந்து கத்தியிருக்கிறேன். நீங்கள் எழுந்துகூட வர மாட்டீர்கள். அங்கிருந்தே, “எந்த இல்ல?” என்பீர்கள். “மூணு இல்ல இருக்கு புள்ள. அப்பிடி ஒரு ஆளையே தெரியாதுங்கிறது ஒண்ணு. ஆளு வீடு தெரியுது, போனா உள்ள விட மாட்டேங்குறாக, அது ஒண்ணு. தட்டிக்கிட்டே நிக்கிறோம், சத்தமே வரல, அது ஒண்ணு. எந்த இல்லன்னு மொதல்ல பாரு. பாக்காமக் கத்தாத.” கத்தாதே என்று நீங்களும் கத்தித்தான் சொல்வீர்கள். பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு நெஞ்சு எரிகிறது என்று சோடா வாங்கிக் குடித்தீர்கள். மதியம் சட்டை நனைய வியர்த்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முன்மேஜையில் இருந்த பெண், “பேஷன்ட் பேரு?” என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், வரவில்லை. அப்போதுமா என்று கேட்காதீர்கள். அப்போதும்தான். கைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். பதற்றத்தில் என் அட்டையை நீட்டியிருக்கிறேன். அவள் என் பெயரிலேயே சீட்டைப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, “பர்வீன்! பர்வீன் யாருங்க?” என்று கூப்பிட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த நீங்கள் கையைத் தூக்கி, “நாந்தான்” என்றீர்கள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அட்டையை மாற்றிக் கொடுத்தேன். உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நீங்கள் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

மறுநாள் டாக்டர் வெளியே வந்து, “ரெஸ்பான்ஸ் இல்லம்மா” என்றார். இது அந்த மூன்றாவது ‘இல்லை’ என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் அதுதான் தோன்றியது, நான் என்ன செய்ய? என் அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

பள்ளிவாசல் மைக்கில் சொன்னார்கள். இன்னாருடைய மகன் இன்னார் மௌத்தாகிவிட்டார், அசர் தொழுகைக்குப் பின் ஜனாஸா அடக்கம் என்று. மாமியும் நானும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். மாமி ஆயுசு முழுக்கச் சொல்லாத பெயரையும் நான் சொல்லாத பெயரையும் மோதினார் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்த பெண்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள். “அழுதுரு தாயி, நெஞ்சுல வச்சுக்கிறாத” என்றார்கள். நெஞ்சில் எதுவும் இருந்தால்தானே? கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, கிள்ளுகிற விரலுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அந்த மாதிரி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது இத்தா இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள். வெள்ளைச் சேலை. வாசல் தாண்டுவதில்லை. வீட்டு முன்னறைதான் நம் ஆபீஸ் என்பதால் வேலை மட்டும் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் உங்கள் பெயரை எடுக்கச் சொல்கிறார்கள். கேஸ், கரண்ட், பேங்க். பேங்கிலிருந்து போன் செய்த பெண் கணக்கு வைத்திருந்தவர் பெயரைக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் சொன்னேன். “முழுப் பேரா சொல்லிரலாமே மேடம்” என்றாள். மறுபடியும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவளுக்கு என்ன பொறுமையோ, இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டாள்.

கணக்கை முடக்கியதும் உங்கள் கார்டு செல்லாமல் போயிற்று. சர்வர் வாடகை அதில்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவும் உங்கள் பெயரில் இருந்ததால், மூடப்போகிறோம் என்று மெயில் வந்தது. என் பெயரில் புதிதாக ஒரு சர்வர் பிடித்து எல்லாவற்றையும் அங்கே மாற்ற வேண்டும். இதுவரை நான் தொடாத வேலை. என் வேலை பெட்டிக்குள்ளே. பெட்டியை ஏற்றி இறக்குவது எப்போதும் நீங்கள்தான்.

அண்ணன் தோல் மண்டியிலிருந்து நேரே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். “ஏ பர்வீனு, இம்புட்டுக் கஷ்டம் உனக்கு எதுக்கு? கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி இருக்கு, அவங்க இதை அப்பிடியே எடுத்துக்கிறோம்ங்கிறாங்க. குடுத்துட்டு, இத்தா முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு வா. நம்ம அத்தாவும் அதைத்தான் சொல்றாக.”

“மாமி?”

“மக வீடு வத்தலக்குண்டுல இருக்குல்ல?”

மாமி அடுப்படியில்தான் இருந்தார். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. இந்த வேலை போனால் இந்த வீடு போகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயம் வரவில்லை. போகக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. “மார்க்கெட் லீவு அன்னைக்கு மாத்திருறேன். மறுநாள் சந்தை கூடும்போது ஓடலைன்னா நீங்க சொன்னபடி கேக்குறேன் அண்ணே” என்றேன். பெரிய மண்டிக்காரருக்கும் போனில் சொன்னேன். “பாய் இருந்தவரைக்கும் நான் ஒண்ணுமே கேட்டதில்லைங்க தங்கச்சி. ஆனா விடிஞ்சா லாரி நிக்குமுங்க. சீட்டு வரலைன்னா நானும் வேற ஆளத்தான் பாக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். தப்பாக நினைக்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான்.

அந்த லீவு நாள்தான் நேற்று. முதலில் உங்கள் பெட்டியைத் தனியாக எழுப்பி, பழைய விவரங்களை எல்லாம் அதில் இறக்கினேன். ஒழுங்காக இறங்கியது. பிறகு என் பெட்டியை எழுப்பினேன். அப்போதுதான் அந்த வரி வந்தது. ‘அவுக’ என்ற பெயர் தெரியாது.

முதல் ‘இல்லை’.

பெயர்தான் தெரியவில்லை, ஆள் இதே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறார் என்று நினைத்தேன். ‘அவுக’வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டேன். இதே இடம் என்று அர்த்தம். நம் பேச்சில் சொன்னால் ‘இங்கன’. உடனே பதில் வந்தது, மறுக்கப்பட்டது என்று. இரண்டாவது ‘இல்லை’. அடித்து முடித்த பிறகுதான் நீங்கள் எப்போதோ சொன்னது காதில் விழுந்தது. “நாந்தான் பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டு இங்கனன்னு சொன்னா, அது தன்னையத்தான் சொல்லும். அதுக்குள்ள அவுக எங்க இருக்காக? பக்கத்துப் பெட்டியிலல்ல இருக்காக.” சரிதான். எனக்குள்ளேயே தேடினால் எங்கே இருப்பீர்கள்?

பிறகு உங்கள் பெட்டியின் எண் முகவரியைக் கண்டுபிடித்து அதைப் போட்டேன். பெயர் தெரியாவிட்டால் என்ன, எண்ணை வைத்துப் போய்விடலாம் என்று. போயிற்று. தட்டியது. பதில் இல்லை. காத்திருந்து காத்திருந்து, பதில் இல்லை என்று அதுவே கைவிட்டது. மூன்றாவதும் வந்தாயிற்று.

இவ்வளவுக்கும் உங்கள் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. நேராக அதற்குள் நுழைந்து பார்த்தேன். எல்லாம் பத்திரமாக இருந்தது. தக்காளி, முருங்கை, பூசணி, லாரி நம்பர்கள். சேவுகம்பட்டி விவசாயி ஒருவர் தன் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதென்று சண்டை போட்டாரே, நீங்கள் திருத்திக் கொடுத்தீர்களே, அந்தக் கால்கூட அதே இடத்தில் இருந்தது. உள்ளே உயிரோடு இருக்கிறது, வெளியிலிருந்து கூப்பிட்டால் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றதும் இதே மாதிரிதான். அதை நினைத்ததும் எழுந்து போய் முகம் கழுவினேன்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் அண்ணன் போனோடு வந்துவிட்டார். கோயமுத்தூர்க் கம்பெனிப் பையன் லைனில் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் கேட்டதால் நான் அனுப்பியிருந்த பிழையை அவன் பார்த்திருக்கிறான்.

“மேடம், ஹோஸ்ட் நேம்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கற மாதிரி தெரியுதுங்க. ஏ, வி, யு, ஜி, ஏ. இது என்னங்க மேடம்? அவுகாவா?”

“அவுக.”

“அப்படின்னா எதுக்கு ஷார்ட் ஃபார்முங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். மாமி தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்தினார்.

“எங்க வீட்டுக்காரர்” என்றேன்.

“சாரிங்க மேடம்” என்றான். பிறகு, “நாங்க எடுத்துக்கிட்டா எல்லாப் பேரையும் ஸ்டாண்டர்டா மாத்திருவோங்க. இந்த மாதிரிப் பிரச்சனை வராது” என்றான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான்.

“பேர்ல பிரச்சனை இல்ல தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டேன். எதில் பிரச்சனை என்று எனக்கும் தெரியாது. வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அண்ணன் எழுந்து போனார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீரைக்காரன் குரல் கேட்டது. மாமி வாசலுக்கு ஓடி, “ஏ கீரை! ஏப்பா, கீரை!” என்று கூப்பிட்டார். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே உள்ளே வந்தார். “சண்டாளப் பய, அடுத்த தெருவுக்குப் போயிட்டான். இங்கயிருந்து கத்துனா அங்க எப்பிடிக் கேக்கும்? நேத்து வச்ச வெஞ்சனத்தையே சுட வச்சுக்கிருவோம்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெரு.

உங்கள் பெட்டியைத் தனியாக எழுப்பினேன் என்று சொன்னேன் அல்லவா, தெருவைப் போடாமல் எழுப்பியிருக்கிறேன். என் பெட்டி நீங்கள் எழுதி வைத்தபடி ‘தெரு’வுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் பெட்டி எங்கோ பொதுவில் நின்றது. இரண்டும் ஒரே கம்ப்யூட்டர்தான், ஆனால் வேறு வேறு தெரு. பெயர் கேட்காது. எண்ணை வைத்துப் போனாலும் வழி கிடையாது. குழம்பு கொதித்த அன்று நான் கேட்காமல் விட்ட பாதி இதுதான். ஒரே ஒரு வரி அடித்து உங்கள் பெட்டியைத் ‘தெரு’வில் சேர்த்தேன். எண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் ‘அவுக’ என்று எழுதினேன். அந்த ஸ்பேஸ் பட்டன் ஒட்டிக்கொண்டது, இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

என் பெட்டி எழுந்தது. கூப்பிட்டது. இணைந்தது என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் பிழை வரவில்லை.

சீட்டு ஒன்று போட்டுப் பார்த்தேன், வந்தது. அழித்துவிட்டு இன்னொன்று போட்டேன், அதுவும் வந்தது. சர்வர் விழுந்து எழுந்தாலும் மறக்கக் கூடாதென்று தெருவை நிரந்தரமாக எழுதி வைத்தேன். சந்தோஷம் என்று ஏதாவது வருமா என்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது. மாமி சுட வைத்த வெஞ்சனத்தைச் சோற்றில் போட்டு நிறையச் சாப்பிட்டேன். நீங்கள் போன பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது நேற்றுத்தான் என்று மாமி சொன்னார்.

இன்று காலை பெரிய மண்டிக்காரர் போன் செய்தார். பின்னால் ஏலச் சத்தம், லாரி ஹாரன், யாரோ யாரையோ திட்டும் சத்தம்.

“தங்கச்சி, சீட்டு வருதுங்க! மொத தக்காளிக்கே வந்துருச்சுங்க. எப்பவும் விட வேகமாத்தான் வருதுங்க. யாருங்க சரி பண்ணுனது, கோயமுத்தூர்க்காரங்களா?”

“நாந்தான்.”

“யாருங்க? சத்தத்துல கேக்கலைங்க.”

“நாந்தாங்க! நாந்தான் பண்ணுனேன்!”

கத்திவிட்டேன். வாசற்படியில் இருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். “அட, சந்தோசமுங்க. பாய் நம்பர்லயே உங்க பேரையும் சேத்தி எழுதி வச்சுக்கறனுங்க” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்தப் பையன்ட்ட வேணாம்னு சொல்லிருறேன்” என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, “மாமி, வத்தலக்குண்டு பத்தி நான் ஒண்ணும் சொல்லல” என்றார். மாமி உள்ளிருந்தே, “என் காதுல எதுவும் விழுகல அப்பு, நீ டீ குடிச்சிட்டுப் போ” என்றார்.

அவர் போன பிறகு எனக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா திரையைத் திறந்தேன். என் பெட்டிக்குள் போய், ‘அவுக’ இருக்கிறாரா என்று கேட்கும் அந்தக் கட்டளையை அடித்தேன். பிங் என்பார்கள். ஒரு பெட்டி இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்ப்பது, வேறொன்றும் இல்லை. கூப்பிட்டால், இருக்கிறேன் என்று ஒரு வரி வரும். நாமாக நிறுத்தும்வரை வந்துகொண்டே இருக்கும். வந்தது. ‘அவுக’விடமிருந்து பதில். ‘அவுக’விடமிருந்து பதில். ‘அவுக’விடமிருந்து பதில்.

மாமி டீ கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார்.

“என்ன தாயி அது, வரிவரியா ஓடுது?”

“அவுக பதில் சொல்றாக மாமி.”

மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, உங்கள் பெயரைச் சொன்னார். அவருக்கு நீங்கள் மகன், அவர் சொல்லலாம். சாப்பிடக் கூப்பிடுவாரே, அந்த மாதிரி, கொஞ்சம் இழுத்து. அடுத்த வரி வந்தது.

வேலை முடிந்துவிட்டதே, நிறுத்திவிடலாம் என்று கையைக் கொண்டு போனேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“செத்த நேரம் ஓடட்டும் தாயி.”

நான் நிறுத்தவில்லை. டீ ஆறிவிட்டது. மாமி இன்னும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதி முடிக்கும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.